ஒன்றுகூடல் சட்டையில் யாருடைய சின்னம்? பல்கலைக்கழக இலச்சினை குறித்து நம் சங்கத்தின் முன் உள்ள நான்கு வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் படித்து வெளிவந்த தமிழர்களின் முன்னாள் மாணவர் சங்கம், ஆண்டு ஒன்றுகூடலை ஒட்டி டி-சர்ட், தேநீர்க் கோப்பை, துணிப்பை ஆகியவற்றை அச்சிட்டு விற்று, அந்த வருவாயைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் ஐஸ்டெட்ஃபாட் என்னும் கலை, இலக்கியப் போட்டிச் செலவுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பொருள்களின்மேல் எந்தச் சின்னம் இடம்பெற வேண்டும் என்பதில்தான் செயற்குழு நான்கு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் அனுமதி பெற்று அதன் இலச்சினையையே போடலாம் என்பது ஒரு தரப்பு. இலச்சினையைத் தொடாமல் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்பது இன்னொன்று. இன்று நடப்பில் இல்லாத பழைய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் சின்னத்தைப் போட்டால் கேட்பார் யாரும் இல்லை என்று மூத்த உறுப்பினர் சிலர் கூறுகின்றனர். நமக்கென்று புதிதாக ஒரு சின்னம் வரைந்துகொள்ள வேண்டும் என்பது நான்காவது தரப்பு. இந்த நான்கையும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் வெளிச்சத்தில் ஒப்பிட்டு என் முடிவைச் சொல்கிறேன். மெரெபாங்க், பீனிக்ஸ், டொங்காட் போன்ற இடங்களில் இதே போன்ற கேள்வியைச் சந்திக்கும் சங்கங்களுக்கும் இது பயன்படலாம்.

கருத்து வேறுபாட்டின் வேர் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவில் 1960களின் தொடக்கத்தில் இந்தியர்களுக்கென்று தனியே தொடங்கப்பட்ட கல்லூரி, 1971இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, 1972இல் வெஸ்ட்வில் குன்றுக்குக் குடிபெயர்ந்தது. 2004 ஜனவரி 1 அன்று அது நடால் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுக் குவாசூலு-நடால் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆகவே ஒரே வளாகத்தில் படித்த இரு தலைமுறையினரின் பட்டச் சான்றிதழ்களில் இரு வேறு பெயர்களும் இரு வேறு இலச்சினைகளும் இருக்கின்றன. தம் இளமையோடு பிணைந்த சின்னத்தைச் சட்டையில் காண விரும்புவோரின் ஆசை நியாயமானதே. அந்த ஆசைக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே கேள்வி.

வழிகளை எடை போடுவதற்குமுன், எந்தெந்தச் சட்டங்கள் இதில் தலையிடுகின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் ‘வணிகச் சின்னம் பதிவாகியிருக்கிறதா?’ என்ற ஒரே கேள்வியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். முதலாவது, 1995 மே 1 முதல் நடைமுறையில் உள்ள 1993ஆம் ஆண்டின் 194ஆம் இலக்க வணிகச் சின்னங்கள் சட்டம். அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு லான்ஹாம் சட்டம் பொருளுக்கு வணிகச் சின்னம், சேவைக்குச் சேவைச் சின்னம் என்று இரண்டைப் பிரித்து வரையறுக்கிறது. நம் நாட்டுச் சட்டமோ பொருள், சேவை இரண்டையும் வணிகச் சின்னம் என்ற ஒரே வரையறைக்குள் அடக்கிவிடுகிறது. அதனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விதிமுறைகளைப் பார்த்து, ‘நாம் சட்டைதானே விற்கிறோம், அவர்கள் கல்விச் சேவைக்குத்தானே சின்னம் வைத்திருக்கிறார்கள்’ என்று வாதிடுவதில் பயன் குறைவு. பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரிக்கும் சின்னப் பதிவேட்டில் கல்வி 41ஆம் வகுப்பிலும், ஆடை 25ஆம் வகுப்பிலும், அச்சுப் பொருள்கள் 16ஆம் வகுப்பிலும், கோப்பை போன்ற வீட்டுப் பாத்திரங்கள் 21ஆம் வகுப்பிலும் வருகின்றன. மொத்தமுள்ள 45 வகுப்புகளில் எவற்றில் ஒரு சின்னம் பதிவாகியிருக்கிறது என்பதை நிறுவனங்கள் மற்றும் அறிவுசார் சொத்துரிமை ஆணையத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆடை வகுப்பில் பதிவு இல்லையென்று தெரிந்தாலும் அதோடு கவலை தீர்ந்துவிடாது. நாடறிந்த ஒரு பதிவுச் சின்னத்தின் தனித்தன்மையையோ நற்பெயரையோ நியாயமற்ற வகையில் பயன்படுத்தி ஆதாயம் தேடுவதையும், அவற்றுக்குக் கேடு விளைவிப்பதையும், குழப்பம் ஏற்படாதபோதும் எந்தப் பொருளின் தொடர்பிலும், 34ஆம் பிரிவு தடுக்கிறது.

இரண்டாவது, பதிவையே எதிர்பாராத பொதுச் சட்டம். ஒருவர் தம் சரக்கை இன்னொருவருடைய சரக்குபோல, அல்லது இன்னொருவருடைய ஆதரவு பெற்ற சரக்குபோலக் காட்டுவது அதன்கீழ்த் தவறு. நற்பெயர், தவறான தோற்றம், பாதிப்பு ஆகிய மூன்றையும் வழக்காடுபவர் நிறுவ வேண்டும். மூன்றாவது, 1978ஆம் ஆண்டின் 98ஆம் இலக்கப் பதிப்புரிமைச் சட்டம். இலச்சினை என்பது ஓர் ஓவியமும்கூட. எனவே அதன் பதிப்புரிமை தனியே நிற்கும். நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: 1962ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மரபுச் சின்னங்கள் சட்டம். பிரிட்டோரியாவில் தேசிய ஆவணக் காப்பகத்தோடு இணைந்து இயங்கும் மரபுச் சின்னங்கள் பணியகத்தில், பல்கலைக்கழகங்கள், பள்ளிகள், நகராட்சிகள் தம் கேடயச் சின்னங்களைப் பதிவு செய்வது நெடுநாள் வழக்கம். அந்தப் பதிவு வணிகப் பதிவேட்டில் தேடினால் கண்ணில் படாது.

இனி வழிகளுக்கு வருவோம். பழைய சின்னத்தைப் போடலாம் என்ற யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூட்டத்தில் அதிகம் கைதட்டல் பெற்றதும், ஆராய்ந்தால் மிகக் குறைவாகத் தேறுவதும் அதுவே. பல்கலைக்கழகம் இல்லாமற்போனதால் சின்னத்துக்கும் உரிமையாளர் இல்லை என்பது அதன் அடிப்படை. 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி அரசு நிறுவனங்கள் இணைக்கப்படும்போது, அவற்றின் சொத்துகளும் கடன்களும் உரிமைகளும் பொறுப்புகளும் புதிய நிறுவனத்துக்குச் செல்கின்றன. நூலகமும் நிலமும் எப்படிப் போயினவோ அப்படியே பெயரின்மீதும் ஓவியத்தின்மீதும் இருந்த உரிமைகளும் போயின. வணிகச் சின்னம் 5 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாவிட்டால் அதை நீக்கக் கோரலாம் என்ற விதி உண்மைதான். ஆனால் நீக்கம் தானாக நடப்பதில்லை. அக்கறையுள்ள ஒருவர் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். முன்னாள் மாணவர் சங்கம் தன் தாய்க்கல்லூரியின் பழைய சின்னத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போடும் காட்சியை நான் கற்பனை செய்யவும் விரும்பவில்லை. அப்படியே நீக்கம் கிடைத்தாலும் பதிப்புரிமை அதனால் அழிவதில்லை. மரபுச் சின்னப் பதிவும் பயன்பாட்டைச் சார்ந்ததன்று. அந்தச் சின்னத்தை நம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம் என்றும் ஒருவர் கூறினார். தீய நோக்கோடு செய்யப்படும் விண்ணப்பம் பதிவுக்குத் தகாதது என்று சட்டமே சொல்கிறது. பிறருடையது என்று தெரிந்தே கேட்பதற்கு வேறு பெயர் கிடையாது.

இந்த இடத்தில் டர்பன்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு பெயரையும் நினைத்துப் பார்க்கலாம். கொல்லத்திலிருந்து 1890இல் இங்கே வந்த எம்.எல். சுல்தானின் கொடையால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி, பின்னர் எம்.எல். சுல்தான் டெக்னிக்கான் என்னும் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் ஆகி, 2002இல் நடால் டெக்னிக்கானோடு இணைந்து, இப்போது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. அங்கே படித்த நம்மவர்களும் பழைய பெயரைத்தான் இன்றும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதற்கும், ஒன்றுகூடல் மலரில் அந்தப் பெயரோடு நினைவுக் கட்டுரை எழுதுவதற்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பழைய சின்னத்தை விற்பனைச் சரக்கின்மேல் ஏற்றுவது வேறு. நினைவைப் போற்ற மலரில் ஒரு பக்கம் போதும். அதற்குச் சட்டை தேவையில்லை.

அனுமதி பெறும் வழி பார்வைக்கு மிக நேர்மையானது. பல நேரங்களில் மிகச் சரியானதும்கூட. சட்டமும் அதற்கு வழிவகுக்கிறது: உரிமையாளரின் இசைவோடு பயன்படுத்துவது உரிமையாளரே பயன்படுத்தியதாகக் கொள்ளப்படும். அதனால்தான் பல்கலைக்கழகங்கள் இசைவு தரும்போது பொருளின் தரத்தையும் தோற்றத்தையும் தம் கண்காணிப்பில் வைத்துக்கொள்ள விரும்புகின்றன. பொதுவாக அவர்கள் விதிப்பவை இவை: அவர்கள் தரும் இலச்சினையின் மூலக் கணினிக் கோப்பினையே அச்சுக்குப் பயன்படுத்த வேண்டும், வண்ணம், எழுத்துரு, அளவு விகிதம் மாறக் கூடாது, இலச்சினையைச் சுற்றிக் குறிப்பிட்ட இடைவெளி விட வேண்டும், வேறொரு சின்னத்தோடு அதைப் பின்னக் கூடாது, அச்சிடுவதற்குமுன் மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கும் காலத்துக்கும் மேல் அனுமதி நீளாது. விற்பனைக்கு என்றால் உரிமத் தொகையும் கேட்கலாம். மது, அரசியல், சமயப் பரப்புரை ஆகியவற்றோடு தம் சின்னம் சேர்வதை அவர்களில் பலர் விரும்புவதில்லை.

நம் சங்கத்தின் பேரில் அச்சகத்திலிருந்து வந்திருக்கும் மாதிரிச் சட்டையை இந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அனுமதி வழி ஏன் நமக்கு எளிதன்று என்பது விளங்கும். கறுப்புப் பருத்திச் சட்டை. நெஞ்சின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் இலச்சினை. இணையத்திலிருந்து எடுத்த சிறிய படத்தைப் பெரிதாக்கியதால் ஓரங்கள் பிசிறடிக்கின்றன. கறுப்புத் துணியில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று வண்ணத்தைக் குங்குமச் சிவப்பாக மாற்றியிருக்கிறார்கள். அதன் குறுக்கே மேலிருந்து கீழாக மஞ்சளில் ஒரு வேல். பல்கலைக்கழகத்தின் பெயர் ஆங்கிலத்திலும் சூலு மொழியிலும் இரு வரிகளாக இருக்க வேண்டிய இடத்தில், சூலு வரியை வெட்டிவிட்டு ‘தமிழ்க் குடும்பம்’ என்று சேர்த்திருக்கிறார்கள். கடைசியாக, எங்கிருந்தோ எடுத்துவந்த ஒரு வட்டத்துக்குள் ஆர் என்ற ஆங்கில எழுத்து, வலது மூலையில் ஒரு பொட்டுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் எந்த ஒன்றும் கெட்ட எண்ணத்தில் செய்யப்பட்டதன்று. வடிவமைத்த இளைஞருக்கு வேல் அழகாகத் தெரிந்திருக்கிறது, எனக்கும் அழகாகத்தான் தெரிகிறது. ஆயினும் எந்தப் பல்கலைக்கழகத்தின் அலுவலகமும் இதற்கு ஒப்புதல் தராது. வட்டத்துக்குள் உள்ள அந்த எழுத்து பதிவுற்ற சின்னம் என்பதைக் குறிப்பது. பதிவாகாத ஒரு சின்னத்தைப் பதிவானதாகக் காட்டுவது நம் நாட்டில் குற்றம். வேலும் ‘தமிழ்க் குடும்ப’மும் சேர்ந்த இந்தக் கலவைச் சின்னத்தை இந்த உலகில் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சூலு வரி வெட்டப்பட்டிருப்பதுதான். இந்த மாகாணத்தில் அந்த வரியை நீக்கிவிட்டு அங்கே நம் மொழியை வைப்பதை, நம் அண்டை வீட்டார் இடப் பற்றாக்குறையாகப் பார்க்க மாட்டார்கள். அச்சகத்துக்கு இதை உடனே தெரிவிக்க வேண்டும் என்று செயற்குழுவைத் தனியே கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் இந்த அனுமதி ஏற்பாடு ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பல பல்கலைக்கழகங்களின் சார்பில் உரிமம் வழங்குவதற்கென்றே 1981இல் ஒரு நிறுவனம் தோன்றியது. பெயரையும் இலச்சினையையும் போடாமல், பல்கலைக்கழக அணியின் இரு வண்ணங்களையும் ஓர் ஆட்டத்தைப் பற்றிய குறிப்பையும் மட்டும் போட்டுச் சட்டை விற்ற ஸ்மாக் அப்பேரல் என்ற நிறுவனத்துக்கு எதிராக லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நான்கு பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்து, 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றன. ‘பெயரே வேண்டாம், வண்ணத்தாலும் ஆண்டாலும் குறிப்பாக உணர்த்திவிடலாம்’ என்று நம் கூட்டத்தில் ஒருவர் சொன்னதற்கு மறுமொழியாகவே இதைக் குறிப்பிடுகிறேன். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் யார் பக்கம் ஆதரவு இருப்பதாக வாங்குபவர் நினைப்பார் என்ற கேள்வி இரு நாட்டிலும் ஒன்றுதான்; குறிப்பாக உணர்த்துவது அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கும் வழி ஆகாது.

பெயரை மட்டும் வெற்று எழுத்தில் போடும் வழிக்கு நம் நாட்டுச் சட்டத்தில் கணிசமான ஆதரவு உண்டு. ஒரு பொருளின் அல்லது சேவையின் வகை, தன்மை, தோற்றுவாய் போன்றவற்றை நல்லெண்ணத்தோடு விவரிப்பதற்கு ஒரு சின்னத்தைப் பயன்படுத்துவது மீறல் அன்று என்று 34ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. நாம் வெஸ்ட்வில் வளாகத்தில் படித்தவர்கள் என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்ல அந்தப் பெயரைத் தவிர வேறு சொல் இல்லை. ‘குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பயின்ற தமிழர்களின் ஒன்றுகூடல்’ என்று சட்டையின் முதுகில் சாதாரண எழுத்தில் ஒரு வாக்கியமாக எழுதினால், அது விவரிப்பாகவே வாசிக்கப்படும். அதே பெயரை நெஞ்சின்மேல் பெரிதாக, பல்கலைக்கழகத்தின் எழுத்துருவிலும் வண்ணத்திலும் தனித்து நிறுத்தினால், அது விவரிப்பின் எல்லையைத் தாண்டிச் சின்னமாகிவிடுகிறது. சொற்கள் ஒன்றே, நிற்கும் இடமும் தோரணையும் பொருளை மாற்றிவிடுகின்றன.

இந்த வேறுபாட்டை நம் நீதிமன்றம் தெளிவாக எடுத்துக்காட்டிய வழக்கு ஒன்று உண்டு. காருக்கு மெருகேற்றும் பொருளை விற்ற வெரிமார்க் நிறுவனம், தன் விளம்பரத்தில் ஒரு பி.எம்.டபிள்யூ காரின் முகப்பில் அந்தப் பொருளைத் தேய்த்துக் காட்டியது. காரின் சின்னம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. பார்ப்பவர் அந்தச் சின்னத்தைக் காரை அடையாளம் காட்டுவதாகவே கொள்வார். மெருகுப் பொருளின் தோற்றுவாயைக் காட்டுவதாகக் கொள்ள மாட்டார். ஆகவே மீறல் இல்லை என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. ஒன்றுகூடல் மலரில் நாம் வளாக வாயிலின் முன் எடுத்துக்கொண்ட குழுப்படத்தைப் போடும்போது, பின்னணியில் பெயர்ப்பலகையும் இலச்சினையும் தெரிந்தால் அதை மறைக்க வேண்டுமா என்று செயலாளர் கேட்டிருந்தார். இந்தத் தீர்ப்பின் தர்க்கப்படி மறைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தப் படத்திலிருந்து இலச்சினையை மட்டும் வெட்டியெடுத்து அட்டையில் வைத்தால் நிலைமை வேறு.

பிரிட்டோரியா பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு பழைய வழக்கையும் நம் உறுப்பினரான வழக்கறிஞர் ஒருவர் சுட்டிக்காட்டினார். ஒரு திரைப்படத்தில் தன்னைச் சித்திரித்திருந்ததை எதிர்த்து அந்தப் பல்கலைக்கழகம் தடை கோரிற்று. 1977இல் மறுக்கப்பட்டு, 1979இல் மேல்முறையீட்டிலும் அது தோற்றது. இதைக் கொண்டு நாம் துணிந்து செல்லலாம் என்பது அவர் வாதம். நான் அவ்வளவு தூரம் செல்லத் தயாராக இல்லை. கதை சொல்லும் படம் வேறு, விற்பனைச் சட்டை வேறு. மேலும் நற்பெயருக்குக் கேடு விளைவிப்பதைத் தடுக்கும் இன்றைய விதி 1993ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்த லாஃப் இட் ஆஃப் வழக்கு இதைவிடப் பொருத்தமானது, ஏனென்றால் அதுவும் டி-சர்ட் வழக்கு. ஒரு பியர் சின்னத்தைக் கேலியாக மாற்றி, இந்த நாட்டின் தொழிலாளர் சுரண்டலைச் சாடும் வாசகங்களோடு அந்தச் சிறு நிறுவனம் சட்டை விற்றது. கருத்துரிமையைக் கருத்தில் கொண்டு, சின்னத்தின் உரிமையாளருக்குக் கணிசமான பொருளாதார இழப்பு நேரக்கூடும் என்பதை நிறுவினாலன்றித் தடை விதிக்க இயலாது என்று நீதிமன்றம் சொல்லியது. நமக்கு அது எவ்வளவு உதவும்? நாம் பல்கலைக்கழகத்தைக் கேலி செய்யவில்லை, விமர்சிக்கவுமில்லை. அதன் பெருமையில் பங்கு கேட்கிறோம். விமர்சனத்துக்குக் கிடைக்கும் கேடயம், பெருமையைக் காட்டிச் சரக்கு விற்பவருக்கு அதே வலிமையோடு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தமிழ் எழுத்தில் பெயரைப் போட்டால் சிக்கல் இல்லை என்று நினைப்பதும் சரியன்று. ஒலியாலும் பொருளாலும் ஒத்திருப்பது ஒப்பீட்டில் கணக்கிடப்படும். சட்டையை வாங்குபவர்களோ தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். அதேபோல, வருவாய் முழுவதும் அறத்துக்குப் போகிறது என்பதால் அது வணிகம் ஆகாது என்ற வாதமும் தளர்வானது. மீறலுக்கு ‘வணிகப் போக்கில்’ பயன்படுத்துவது ஒரு நிபந்தனை என்பது உண்மை. ஆனால் விலை வைத்து விற்கும் சட்டையை வணிகமன்று என்று நிறுவும் பாரத்தை நாமாக ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

நான்காவது வழியான சொந்தச் சின்னம், தொடக்கத்தில் அதிக வேலை வாங்குவது. பிறகு அதிகச் சுதந்திரம் தருவது. வேலும் கோலமும் குத்துவிளக்கும் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. அவற்றைக் கொண்டு நமக்கென்று ஒரு வடிவத்தை உருவாக்குவதில் தடை இல்லை. அந்த இளைஞரின் வேலுக்கு உரிய இடம் இதுதான். மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. தேசியக் கொடியையோ குடியரசின் அரசுச் சின்னத்தையோ, அந்த வகையில் இந்தியாவின் கொடியையோ அதில் நுழைக்கக் கூடாது. அப்படிப்பட்ட சின்னம் உரிய அனுமதியின்றிப் பதிவாகாது. கேடய வடிவத்தையும் தவிர்க்கச் சொல்வேன்; கேடயமும் கீழே ஒரு வாசகப் பட்டையும் வந்தாலே பார்ப்பவருக்குப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வந்துவிடும். மூன்றாவதுதான் பெரும்பாலான சங்கங்கள் கோட்டை விடும் இடம்: வரைந்தவரிடமிருந்து பதிப்புரிமையைக் கையெழுத்திட்ட எழுத்து ஆவணத்தின்மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் கேட்டோம், அவர் வரைந்தார், காசும் கொடுத்துவிட்டோம் என்பதால் ஓவியம் நம்முடையதாகிவிடாது. நிழற்படம் போன்ற சில வகைகளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தவரே உரிமையாளர் என்று நம் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. சின்னம் அந்தப் பட்டியலில் இல்லை. உறுப்பினரின் மகன் இலவசமாக வரைந்து தந்தாலும் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. நட்பு கெட்ட பிறகு வாங்க முடியாது.

பதிவைப் பொறுத்தவரை, 41ஆம் வகுப்பிலும் 25ஆம் வகுப்பிலும் விண்ணப்பித்தால் நம் தேவைக்குப் போதும். விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் அது அதிகாரபூர்வக் காப்புரிமை இதழில் விளம்பரப்படுத்தப்படும். ஆட்சேபம் தெரிவிக்க மூன்று மாதக் காலம் உண்டு. முழு நடைமுறைக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். ஆகவே இந்த ஒன்றுகூடலுக்குள் பதிவு கைக்கு வராது. அது தடையன்று. பதிவு கிடைக்கும்வரை சின்னத்தின் அருகில் டி.எம். (வணிகச் சின்னம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் ஆர் மட்டும் கூடாது. கிடைத்த பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். செலவு நம் சங்கத்துக்குச் சற்றுக் கனமானதுதான், அதிலும் அரசுக் கட்டணத்தைவிட வழக்கறிஞர் கட்டணமே கனம். நம் உறுப்பினர்களிலேயே அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் இருப்பதால் அது தீர்க்கக்கூடிய சிக்கலே.

ஒப்பிட்டுப் பார்த்ததில், எல்லாப் பொருளுக்கும் ஒரே வழி என்று பிடிவாதம் பிடிப்பதுதான் நம் கூட்டங்களை நீட்டுகிறது என்று தோன்றுகிறது. சட்டை, கோப்பை, துணிப்பை ஆகிய விற்பனைப் பொருள்கள் அனைத்திலும் நம் சொந்தச் சின்னமும், அதன் கீழோ முதுகிலோ பல்கலைக்கழகத்தின் பெயரை உள்ளடக்கிய ஒரு விவரிப்பு வாக்கியமும் இருக்கட்டும். மலரிலும் அழைப்பிதழிலும் பழைய, புதிய பெயர்கள் இரண்டையும் வரலாற்றுச் செய்தியாக எழுதலாம். ‘இச்சங்கம் பல்கலைக்கழகத்தின் அமைப்பு அன்று’ என்ற குறிப்பு உள்ளட்டையில் இடம்பெற வேண்டும். முகநூல் பக்கத்தின் பெயரிலும் இணைய முகவரியிலும் பல்கலைக்கழகத்தின் பெயர்ச்சுருக்கத்தை முதற்சொல்லாக வைப்பதைக் கைவிட வேண்டும். அங்கே விவரிப்பு வாக்கியத்துக்கு இடமில்லாததால், பார்ப்பவர் அதை அதிகாரபூர்வப் பக்கம் என்றே எடுத்துக்கொள்வார்.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் நான் சற்றுக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடை விடுமுறையில் நடத்தும் தமிழ் வகுப்பை முடித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் இலச்சினையோடு சான்றிதழ் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்ற யோசனை குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. சட்டையைவிட இது பல மடங்கு ஆபத்தானது. கல்வி பல்கலைக்கழகத்தின் மையத் தொழில். அந்தத் துறையில் அதன் சின்னத்தை அனுமதியின்றி வைப்பதற்கு விவரிப்பு என்ற விலக்கு உதவாது. அதற்கும் மேலாக, உயர்கல்வி நிறுவனத்தின் அதிகாரமின்றி அது வழங்கியதுபோலத் தோன்றும் தகுதிச் சான்றை வழங்குவது உயர்கல்விச் சட்டத்தின்கீழ்க் குற்றம். வகுப்பை நடத்துவது நாம். சான்றிதழில் நம் சின்னமும் ஆசிரியரின் கையொப்பமும் இருந்தால் போதும். பிள்ளைகளின் ஊக்கம் அதனால் குறைந்துவிடாது.

இலச்சினைக்கு அனுமதி கேட்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது: கல்வி உதவித்தொகை விழா. அதை வளாக அரங்கிலேயே நடத்தி, பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒருவர் வந்து தொகையை வழங்குவதென்றால், அந்த அழைப்பிதழில் இரு சின்னங்களும் அருகருகே இருப்பது உண்மையையே காட்டும். அதைக் கேட்கவும் நமக்குத் தகுதி உண்டு. கடிதத்தைத் தலைவர் கையொப்பமிட்டு, பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் தொடர்பு அலுவலகத்துக்கு அனுப்பினால் அங்கிருந்து உரிய துறைக்குப் போகும். நிகழ்ச்சியின் தேதி, இடம், அழைப்பிதழின் எண்ணிக்கை, அது இலவசமாக வழங்கப்படுவது, இலச்சினை வேறெந்தப் பொருளிலும் இடம்பெறாது என்ற உறுதி, அழைப்பிதழின் மாதிரிப் பக்கம், சங்கத்தின் அமைப்பு விதிகளின் நகல் ஆகியவை அதனுடன் இருக்க வேண்டும். இலச்சினையின் மூலக் கணினிக் கோப்பினை அவர்களிடமிருந்தே கேட்டுப் பெற வேண்டும். தொலைபேசியில் யாரோ ‘சரி’ என்று சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மௌனம் சம்மதம் என்பதும் இங்கே செல்லாது. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், அவர்கள் சின்னத்துக்கென்று ஒதுக்கிய இடத்தை எடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் பெயரை இடவிவரத்தில் மட்டும் வைத்து அச்சிடலாம். அதற்கான இரண்டாவது மாதிரிப் பக்கத்தையும் அச்சகம் இப்போதே தயாரித்து வைக்கட்டும்.